ஆணிப் பலகையும் கைத்திறனும்

சென்ற மாரியிலே கூரை ஒழுகி என் புத்தக அலுமாரி நனைந்தது. பழைய உரைப் பதிப்புகள் நனைந்த துயரத்தை எழுதப் புகுந்தால் அது வேறொரு கட்டுரையாகும். அவற்றை முற்றத்து வெயிலிலே காயவிடும்போது, அலுமாரியின் அடித்தட்டிலே கிடந்த பலகை ஒன்றும் வெளியே வந்தது. ஒரு முழ நீளமும் அரை முழத்துக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உடையது. அதன்மேல் முப்பது ஆணிகள் வரையில் பாதி இறங்கியும் பாதி நிமிர்ந்தும் நிற்கின்றன. ஆணிகளுக்கிடையே ஐந்து குழிகள் குடையப்பட்டிருக்கின்றன. குழிகளினருகே 10, 20, 50 என்று எழுதிய மை மங்கிக்கிடக்கிறது. வலப்புற விளிம்பிலே ஓர் ஒடுங்கிய வழி. அவ்வழியின் அடியிலே விரற்கனமுள்ள ஒரு கோல். அக்கோலைப் பின்னே இழுத்து விடுவதற்குச் சைக்கிள் ரியூபிலிருந்து வெட்டிய இறப்பர் வார். இறப்பர் இற்றுப்போயிருந்தது.

இப்பலகை என்னுடையதன்று. 2003ஆம் ஆண்டிலே ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவனிடமிருந்து நான் பறித்தது.

இடைவேளையிலே வகுப்பறையின் கடைசி மேசையைச் சுற்றி ஒரு கூட்டம். எட்டிப் பார்த்தேன். இரண்டு அப்பியாசக் கொப்பிகளை அடியிலே வைத்துப் பலகையைச் சாய்த்து, கண்ணாடிப் போளையை அக்கோலினால் எற்றி மேலே செலுத்துகிறார்கள். போளை உச்சிக்குப் போய், வளைந்து திரும்பி, ஆணிகளிலே முட்டி முட்டிக் கீழே வருகிறது. குழியில் விழுந்தால் அக்குழியின் எண். ஒரு ரூபாய்க் குற்றிக்கு ஐந்து போளை. நூறு சேர்ந்தால் மூன்று டொபி. சேராவிட்டால் குற்றி பலகைக்காரனுக்கு. அவனுடைய சட்டைப்பையிலே குற்றிகள் கலகலத்தன.

“இதென்ன தம்பி, பள்ளிக்கூடத்திலே சூதாட்டம்?” என்றேன்.

“ஐயா, இது சூதில்லை ஐயா. கைப்பழக்கம். ஒருக்கா விட்டுக் காட்டட்டோ?” என்றான்.

தமிழாசிரியனுக்குக் குறள் நாநுனியில் நிற்பது. அது சில வேளைகளிலே நன்மை; சில வேளைகளிலே தீமை. ‘சூது’ என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் கவற்றையும் ஆடுகளத்தையும் மாத்திரம் கூறினாரல்லர், கையையும் அவற்றோடு சேர்த்தே கூறினார் என்றும், கை என்றதற்குச் சூதாடுதற்கு வேண்டும் கைத்தொழில் என்று பரிமேலழகர் பொருள் கொண்டார் என்றும், ஆகவே கைப்பழக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது என்றும் எடுத்துக் காட்டினேன். வகுப்புச் சிரித்தது. பையன் தலை குனிந்தான். பலகை என் கைக்கு வந்தது. தவணை முடிவிலே வந்து பெற்றுக்கொள் என்றேன். அவன் வரவில்லை. அடுத்த தவணைக்கு முன் அவன் குடும்பம் வேறூருக்குப் போய்விட்டது.

பலகை காய்ந்த நாள்களிலே, இதன் முன்னோர் எவர், இது எங்கிருந்து வந்தது என்று அறியும் ஆவல் எழுந்தது. தேடினேன், படித்தேன். படித்தபோது எனக்குச் சற்று வெட்கமும் உண்டாயிற்று. அப்பையனும் நானும் அரை நிமிடத்திலே முடித்த வழக்கை நியூயோர்க் என்னும் மாநகரம் முப்பத்துநான்கு ஆண்டுகள் தன் தலையிலே சுமந்திருக்கிறது. இது சூதா, கைத்திறனா என்பதே அங்கும் வழக்கு.

இவ்விளையாட்டை ஆங்கிலத்திலே ‘பின்போல்’ என்பர். பின் என்றது ஈண்டு நாம் தாள்களைக் கோக்கும் குண்டூசியன்று; பலகையிலே அறைந்த ஆணி. ஆணிப்பந்து என்று நான் இங்கே எழுதுகிறேன். சொல்லாக்கம் செய்யும் பெரியோர்கள் பொறுத்துக்கொள்வாராக.

ஆணிப்பந்தின் தாய் பிரான்சு நாட்டினள். பதினெட்டாம் நூற்றாண்டிலே அந்நாட்டுச் செல்வர் பில்லியட் மேசையை ஒடுக்கி நீட்டி, ஒரு தலைப்பிலே குழிகளும் முளைகளும் வைத்து, மறுதலைப்பிலிருந்து கோலினாலே பந்தை உந்தி ஆடினர். இதற்குப் பகட்டெல் என்று பெயர். நம்முடைய பகட்டு என்ற சொல்லோடு இதற்கு உறவு கற்பிக்க எவரும் முற்பட வேண்டா. அம்மொழியிலே அதற்கு அற்பப் பொருள், சில்லறை விஷயம் என்பதே கருத்து. பதினாறாம் லூயி மன்னனின் தம்பியாகிய ஆர்த்துவாப் பிரபு, அரசி மரி அந்துவானெத்தோடு பந்தயம் கட்டி, 1777இலே அறுபத்துநான்கு நாள்களிற் கட்டுவித்த மாளிகைக்கும் அதுவே பெயர். அம்மாளிகை விருந்திலே ஆடப்பட்டதனால் விளையாட்டுக்கு அப்பெயர் வந்தது என்று கூறுவாரும் உளர். அது மெய்யாயின், பந்தயத்திலே பிறந்த வீட்டின் பெயரைத் தாங்கிய குழந்தையைப் பின்னாளிலே சூதென்று ஐயுற்றவர்களை முற்றாகக் குறை கூறல் இயலாது.

பகட்டெல் கோலினால் ஆடப்படும் வரைக்கும் அது பில்லியட்டின் தங்கையாகவே இருந்தது. அதனைத் தனி விளையாட்டாக்கியவர் மொன்ரேகு ரெட்கிரேவ் என்பவர். இங்கிலாந்திற் பிறந்து, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலே குடியேறி, அங்கே பகட்டெல் மேசைகள் செய்தவர். 1871இலே பகட்டெல்லில் தாம் செய்த திருத்தங்களுக்காக 115,357 என்னும் இலக்கமுடைய காப்புரிமை பெற்றார். பந்தைச் சிறிய குண்டாக்கினார், பலகையைச் சாய்த்தார், கோலுக்குப் பதிலாகச் சுருள்வில் பூட்டிய உந்துகோலை வைத்தார். என் கையிலுள்ள பலகையிலே இவை மூன்றும் இருக்கின்றன. ஒன்பதாந் தரத்துப் பையன் சுருள்வில் கிடையாமல் ரியூப் வாரைக் கட்டினான். வேறு வேற்றுமை இல்லை.

இத்திருத்தங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பலகையைச் சாய்த்தது எதற்கு? செங்குத்தாக நிறுத்தினால் குண்டு கண்ணுக்குத் தோன்றாத விரைவிலே விழுந்துவிடும். சமதளமாக வைத்தால் வழியிலே நின்றுவிடும். சிறிது சாய்த்தால் விழுகை மெதுவாகி, கண்ணும் நெஞ்சும் அதனோடு கூடவே இறங்குகின்றன. கலிலியோ பொருள்கள் விழும் இயல்பை ஆராயச் சாய்வான பலகையிலே குண்டுகளை உருட்டியதும் விழுகையை மெதுவாக்கி அளக்கும் பொருட்டேயாம்.

உந்துகோலின் செய்தி இன்னும் நுட்பமானது. இதனை எங்கள் பாடசாலையிலே பௌதிகம் கற்பிக்கும் நண்பர் கரும்பலகையில் எழுதியே விளக்கினார். வில்லை ஓரங்குலம் இழுத்தால் ஒரு பங்கு ஆற்றல் அதனுள் அடங்குமாயின், இரண்டங்குலம் இழுத்தால் அடங்குவது இரு பங்கன்று, நான்கு பங்கு. மூன்றங்குலமாயின் ஒன்பது பங்கு. ஆகவே, கூடுதலாக இழுக்கும்போது ஒரு நூலளவு பிசகினாலும் குண்டு பெறும் ஆற்றல் வெகுவாக மாறிவிடும். உச்சியிலுள்ள வளைவைச் சுற்றி வரும் குண்டு எந்த இடத்திலே வேகம் தணிந்து ஆணிகளுக்குள் இறங்கும் என்பதை அந்த நூலளவே தீர்மானிக்கும். அந்த நூலளவை ஆளுகின்றது கை. ஆளுகின்ற நேரமோ, கோலை இழுத்துப் பிடித்திருக்கும் அந்த ஒரு கணம் மாத்திரம்.

கோலை விட்டபின் ஆட்சி ஆணிகளுக்கு மாறுகிறது. ஆணியின் நடுவிலே முட்டிய குண்டு ஒரு மயிரிழை வலத்தே இருந்தால் வலப்புறமும், இடத்தே இருந்தால் இடப்புறமும் போகும். அடுத்த ஆணியில் மறுபடியும் அவ்வாறே. நாலைந்து முட்டலுக்குப் பின் கைத்திறன் கரைந்துபோகும். ஆணிகளின் இவ்வியல்பை இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கோல்ற்றன் 1870களிலே ஓர் ஆணிப் பலகை கொண்டே உலகுக்குக் காட்டினார். வரிசை வரிசையாக ஆணியறைந்து, மேலே புனல் வைத்து, ஈயக் குண்டுகளைச் சொரிந்தார். ஒவ்வொரு குண்டும் தன் மனம்போன போக்கிலே இறங்கியது போலத் தோன்றும். கீழே வந்து குவிந்தபின் பார்த்தால், நடுவிலே உயர்ந்து இரு மருங்கும் சரிந்து, கவிழ்த்து வைத்த மணியின் வடிவிலே குவியல் அமைந்திருக்கும். எத்தனை முறை சொரிந்தாலும் அவ்வடிவமே. ஒரு குண்டு எங்கே விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆயிரம் குண்டு எவ்வாறு விழும் என்று எவராலும் சொல்ல முடியும். ஆடுகின்றவன் அந்த ஒரு குண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பலகைக்கு உரியவனோ ஆயிரத்தை எண்ணுகிறான். என் மாணவனின் சட்டைப்பை கலகலத்ததற்குக் காரணம் இதுவே போலும்.

இனி, காசுக்கு வருவோம். குற்றி போட்டால் வேலை செய்யும் பொறி இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ என்னும் பொறிவல்லார், கோயில் வாயிலிலே தீர்த்தம் வழங்கும் பொறியொன்றைத் தம் நூலிலே விவரித்திருக்கிறார். குற்றி நெம்புகோலின் தட்டிலே விழும், அதன் பாரத்தினாலே தட்டுச் சாயும், மறுமுனை அடைப்பைத் தூக்கும், தீர்த்தம் பாயும். சாய்ந்த தட்டிலிருந்து குற்றி வழுக்கி விழுந்தவுடன் அடைப்பு மூடிக்கொள்ளும். பூசகர் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆணிப்பந்துப் பொறிக்கு வந்த குற்றிவாய் வேறு வகையினது. குற்றியளவு குழிவு வெட்டிய உலோக நாக்கு ஒன்று பெட்டியின் முன்னே நீட்டியிருக்கும். குழிவிலே குற்றியை வைத்து நாக்கை உள்ளே தள்ள வேண்டும். வெறுங் குழிவோடு தள்ளினால் மேலிருந்து ஒரு சிறு கொக்கி குழிவிலே இறங்கி நாக்கைத் தடுத்துவிடும். உரிய குற்றி இருந்தால் கொக்கி இறங்க இடமின்றிக் குற்றியின் முதுகிலே வழுக்கிச் செல்லும். நாக்கு முழுதும் உள்ளே போகும்போது, அதனோடு பொருந்திய வேறொரு பலகையும் நகரும். இங்கேதான் அக்காலத் தச்சரின் மதிநுட்பத்தைப் பார்க்க வேண்டும். ஆடுபலகையின் குழிகள் உண்மையிலே துளைகள். அவற்றின் கீழே, துளை சற்று விலகி அமைந்த இரண்டாம் பலகை கிடக்கும். முன் ஆட்டத்துக் குண்டுகள் அதன்மேற் தங்கி நிற்கும். நாக்குத் தள்ளியவுடன் மேற்றுளையும் கீழ்த்துளையும் நேராகும். குண்டுகள் யாவும் ஒரே கணத்திலே கீழே விழுந்து, சரிவிலே உருண்டு முன்னே வந்து சேரும். ஒரு கைப்பிடியினாலே குண்டுகளை ஒவ்வொன்றாக உயர்த்தி உந்துகோலின் முன்னே நிறுத்தலாம். மின்சாரம் இல்லை, சாவி கொடுக்கும் கடிகார உறுப்புகளும் இல்லை. பாரமும் துளையும் சரிவுமே எல்லாம்.

மேலே கண்ணாடி மூடியிருக்கும். கையை உள்ளே விடாதபடி காப்பது அதன் ஒரு பயன். மற்றைய பயன், ஆட்டம் முடிந்தபின் குண்டுகள் விழுந்தபடியே கிடந்து சாட்சி சொல்வது. அக்காலப் பொறிகளுக்கு எண்ணத் தெரியாது. ஆடியவனே கூட்டிச் சொல்ல, கடைக்காரன் வந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒப்புக்கொண்டு, ஒரு சுருட்டோ இனிப்போ கொடுப்பான். மூன்று டொபி கொடுத்தவனுக்கு இச்சரித்திரம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அதே வழியில் நடந்தான்.

இப்பொறிகள் பெருகியது 1931இல். அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியிலே கிடந்த காலம். வேலையற்றோர் சட்டைப்பையிலே டொலர் இல்லை, சதம் இருந்தது. சிக்காகோவிலே டேவிட் கொட்லீப் என்பவர் ‘பவிள் போல்’ என்ற பெயரிலே கடை மேசைமேல் வைக்கத்தக்க பொறியொன்றை 17.50 டொலர் விலைக்கு விற்றார். ஒரு சதத்துக்கு ஐந்து முதல் ஏழு குண்டுகள். கணக்கு எளிது: 1,750 சதங்கள் விழுந்தால் பொறியின் விலை மீளும். ஐம்பதினாயிரத்துக்கு மேல் விற்றன. கேட்டோருக்கெல்லாம் கொட்லீப்பினாலே செய்து கொடுக்க முடியவில்லை. அப்பொறியை வாங்கி விற்றுக்கொண்டிருந்த ரேமண்ட் மலோனி, காத்திருந்து சலித்துத் தாமே ‘பலிஹூ’ என்ற பொறியைச் செய்தார். ஏழு மாதத்திலே அதுவும் ஐம்பதினாயிரம் போயிற்று. அவருடைய கம்பனிக்குப் பலி என்ற பெயர் வந்தது அப்பொறியினாலே. தமிழ்ச் செவிக்கு அது நல்ல சகுனமாகப் படாது.

இனி வருவதே இச்சரித்திரத்திலே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆடுகின்றவர்கள், கோலை விட்டபின் தம் ஆட்சி முடிந்தது என்று ஒப்புக்கொள்ளவில்லை. குண்டு போகும் போக்குப் பிடிக்காவிட்டால் பெட்டியைத் தட்டினார்கள், தூக்கினார்கள், இடித்தார்கள். கலிபோர்னியாவிலே பொறிகள் வகுத்த ஹரி வில்லியம்ஸ் என்ற இளைஞர், தம் பொறியின் அடிப்பலகையை ஒருவன் உள்ளங்கையினால் ஓங்கி அறைந்து ஆட்டத்தைத் தன் வசமாக்குவதைக் கண்டாராம். சினங்கொண்டு, அடிப்பலகையின் கீழே ஆணிமுனைகள் நீட்டும்படி அறைந்துவிட்டார். பின்பு, ஒருவன் கை கிழிபடுமே என்று இரங்கி, வேறு வழி நினைத்தார். சிறு பீடத்தின்மேல் ஒரு குண்டை நிறுத்தினார். பெட்டி அதிர்ந்தால் குண்டு பீடத்தினின்று விழும். விழுந்தால் ஆட்டம் செல்லாது. பின்னர் பீடத்துக்குப் பதிலாக ஊசற்குண்டு வந்தது. தச்சர் கையாளும் தூக்குநூல் போன்ற ஒன்று, உலோக வளையத்தின் நடுவே தொங்கும். மெல்லத் தட்டினால் வளையத்திலே படாது; வலிந்து இடித்தால் படும்; பட்டால் மின்சாரம் ஓடி ஆட்டம் நின்றுவிடும். மெல்லிய தட்டுக்கு இடங்கொடுத்து, முரட்டு இடியை மாத்திரம் தடுத்த இந்த அளவு எனக்கு மிக அழகியதாகத் தோன்றுகிறது. வகுப்பறையிலே ஒழுங்கு காக்கும் ஆசிரியருக்கும் இத்தகைய வளையம் ஒன்று வாய்த்தால் நலம்.

மின்சாரம் என்றேன். அதனைப் பொறிக்குள்ளே புகுத்தியவரும் அவ்வில்லியம்ஸே. 1933இலே வந்த அவருடைய ‘கொன்ராக்ட்’ என்ற பொறியில், குழியில் விழுந்த குண்டை மின்கலத்தின் வலிமையால் ஒரு கோல் வெளியே உதைத்தது, மணியும் ஒலித்தது. விழுந்தது மறுபடி எழுந்தது அன்று முதலே. 1936இன் இறுதியிலே சுருள்வில் சுற்றிய தூண்கள் வந்தன. குண்டு பட்டவுடன் வில் வளைந்து உள்ளேயுள்ள தண்டைத் தொடும்; தொட்டவுடன் எண் ஏறும். எண்ணத் தெரியாத பொறி எண்ணக் கற்றுக்கொண்டது.

அதோடு வேறொன்றையும் கற்றுக்கொண்டது. 1933இலே ‘ரொக்கெற்’ என்ற பொறி, வென்றவனுக்குத் தானே காசு கொடுக்கத் தொடங்கியது. கடைக்காரனின் சுருட்டுப் போய், பொறியின் வாயிலிருந்தே குற்றிகள் கொட்டின. விளையாட்டுக்கும் சூதுக்கும் இடையிலிருந்த வேலி அவ்விடத்திலே சரிந்தது. சரித்தவர்கள் ஆடினவர்களல்லர்; செய்தவர்கள்.

1942 ஜனவரியிலே நியூயோர்க் மேயர் லகுவார்டியா ஆணிப்பந்தைத் தடைசெய்தார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவுக் காசை இப்பொறிகள் பறிக்கின்றன என்பதும், அக்காசு கெட்டவர்களின் கைக்குப் போகிறது என்பதும் அவர் வாதம். பொலிசார் பொறிகளைப் பறிமுதல் செய்து சம்மட்டிகளால் உடைத்தனர். யுத்த காலமாதலால் உலோகம் வேறு வேலைக்கு உதவிற்று. வேறு பல நகரங்களும் அவ்வழியே சென்றன. ஆணிப்பந்து பிறந்து வளர்ந்த சிக்காகோவிலேயே அது சட்டத்துக்கு விரோதமான பொருளாயிற்று. செய்யலாம், ஏற்றி அனுப்பலாம், அங்கே ஆடலாகாது.

லகுவார்டியாவின் வாதத்தை நான் எளிதிலே தள்ளமாட்டேன். மதிய உணவுக் காசு என்ற சொல் ஓர் ஆசிரியனின் காதிலே வேறு விதமாக விழும். அன்று அம்மேசையைச் சுற்றி நின்றவர்களில் இருவராவது பசியோடு வீடு போயிருப்பர்.

நியூயோர்க் உடைத்துக்கொண்டிருக்க, சிக்காகோவிலே வகுத்துக்கொண்டிருந்தனர். 1947இலே கொட்லீப் கம்பனியின் ‘ஹம்ரி டம்ரி’ என்ற பொறியிலே ஹரி மப்ஸ் என்பவர் ஆறு சிறு தட்டுக்கோல்களைப் பொருத்தினார். பக்கத்துப் பொத்தானை விரலால் அழுத்தினால், மின்காந்தம் இழுக்க, கோல் வீசிக் குண்டை மேலே அடித்து அனுப்பும். அடுத்த ஆண்டிலே ஸ்ரீவ் கோடெக் என்பவர் இரண்டே கோல்களை அடியிலே வைத்தார். இன்றும் அவ்வமைப்பே நிலைத்திருக்கிறது. கோலை விட்டபின் கைக்கு வேலையில்லை என்ற பழைய நியதி இதனோடு முடிந்தது. குண்டு விழுகின்ற கடைசிக் கணம் வரைக்கும் கை அதனோடு வாதிடலாம். கைத்திறன் என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்? ஆயினும் நியூயோர்க் தடை நீங்கவில்லை. சட்டம் பழைய பொறியையே பார்த்துக்கொண்டிருந்தது.

நம் மொழியிலே பொறி என்ற சொல் இயந்திரத்துக்கும் பெயர், ஊழுக்கும் பெயர். ஊழ் இல்லாமை ஒருவனுக்குப் பழியன்று, முயற்சி இல்லாமையே பழி என்னும் கருத்துடைய குறளிலே ஊழைப் பொறி என்ற சொல்லாலேயே வள்ளுவர் குறித்தார். இரண்டு பொருளும் ஒரு பெட்டிக்குள்ளே கூடி இருப்பதை நான் ஆணிப்பந்திலேதான் காண்கிறேன்.

1976ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம். நியூயோர்க் நகரசபைக் குழுவின் முன்னே இரண்டு பொறிகள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. ஒன்று பழுதானால் மற்றது உதவும் என்று. ஆடிக் காட்ட வந்தவர் ரோஜர் ஷார்ப் என்ற, முப்பது வயது நிரம்பாத பத்திரிகை எழுத்தாளர். தாம் பயின்று வந்த முதற் பொறியின் முன்னே நின்றார். உறுப்பினர் ஒருவர் ஐயுற்று, அதிலே ஏதேனும் தந்திரம் செய்திருப்பர், மற்றதிலே ஆடுக என்றார். ஷார்ப் மற்றதிலே ஆடினார். தட்டுக்கோல்களினாலே குண்டை வேண்டியவாறு செலுத்தினார். எதிரே இருந்தவர் முகம் இளகவில்லை. அப்போது ஷார்ப், இனி நான் உந்துகோலை இழுத்து விடுவேன், குண்டு மேலேயுள்ள வழிகளுள் நடுவழியாக இறங்கும் என்று முன்கூட்டியே சொன்னார். இழுத்தார், விட்டார். நடுவழியாகவே இறங்கிற்று. தடை நீங்கியது.

வழக்கை வென்றது எது என்று கவனிக்க வேண்டும். மின்சாரமன்று. 1947இன் தட்டுக்கோலுமன்று. 1871இலே ரெட்கிரேவ் பூட்டிய சுருள்வில். என் பலகையிலே ரியூப் வாராக இருப்பது. இன்னொன்றும் உண்டு. அந்த எறிதல் வாய்த்தது அதிர்ஷ்டத்தினாலே என்று ஷார்ப் பின்னாளிலே தாமே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். திறன் என்று தீர்ப்பளித்த சபையின் முன்னே சாட்சியாக நின்றது திறனும் ஊழும் கூடிப் பெற்ற பிள்ளை.

இதைப் படித்த இரவிலே குறளையும் உரையையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் அன்று சொன்னது பிழை. வள்ளுவர் கையைச் சூதின் உறுப்பாக எண்ணினார் என்பது மெய். ஆயின் கைத்திறனைக் குற்றமென்று அவர் சொன்னாரல்லர். அத்திறன் தமக்குண்டென்று தருக்கி, அம்மூன்றையும் கைவிடாது பற்றிக்கொண்டு கிடந்தவரே வறியரானார் என்றார். தருக்கு என்ற சொல்லையும் விடாமை என்ற கருத்தையும் விட்டுவிட்டு, கை என்ற ஒரு சொல்லை மாத்திரம் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளையின் வாயை அடைத்தேன். வகுப்பிலே இவ்வாறு உரை சொல்லும் மாணவனுக்கு நான் புள்ளி குறைப்பது வழக்கம்.

குற்றி வாங்கியதற்காகப் பலகையைப் பறித்தது பிழை என்று இப்பொழுதும் நான் சொல்லேன். மற்றவர்கள் காசு அவன் பையிலே சேர்ந்தது. விட்டுக் காட்ட இடங்கொடாததே பிழை. நகரசபை முப்பத்துநான்கு ஆண்டு தாமதித்தாலும், முடிவிலே பொறியைச் சபைக்குள்ளே கொண்டுவந்து வைத்து, ஆடு பார்ப்போம் என்றது.

பலகையைத் துடைத்தபோது உந்துகோலை உருவி எடுத்தேன். அதன் பக்கத்திலே, கவராயத்தின் முனையினாலே கீறிய மூன்று கோடுகள். ஒவ்வொரு கோட்டினருகேயும் நுண்ணிய எழுத்து: அ, ஆ, இ. எவ்வளவு இழுத்தால் எக்குழி என்று அளந்து குறித்து வைத்திருக்கிறான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது என் அலுமாரியிலே பரிமேலழகருக்குக் கீழே கிடந்தது, நான் பார்க்கவில்லை.

சைக்கிள் கடையிலே ஒரு துண்டு ரியூப் கேட்டு வாங்கி வந்து கட்டினேன். அவன் கோடுகள் அவனுடைய இறப்பருக்கு உரியவை. புதிய இறப்பருக்கு அவை பொருந்தவில்லை. சாய்வும் அப்படியே, இரண்டு கொப்பிகள் என்பது நினைவிருக்கிறது, எத்தனை பக்கக் கொப்பிகள் என்பது நினைவில்லை. ஆகவே என் கோடுகளை நானே கீற வேண்டியதாயிற்று. முதல் நாள் மாலை ஐம்பதுக்குரிய குழியிலே பத்துப் போளைக்கு ஒன்றும் விழவில்லை. இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் நான்கு. வீட்டிலுள்ளவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை.

அவனுடைய ‘அ’ எந்தக் குழியைக் குறித்தது என்று மாத்திரம் எனக்குத் தெரியவில்லை. இப்பத்திரிகையை அவன் படிப்பவனாயின், பலகை என் வீட்டிலே இருக்கிறது. புதிய ரியூப் வார் கட்டியிருக்கிறேன். வந்து பெற்றுக்கொள்ளலாம், கொண்டுபோகுமுன் ஒருக்கால் விட்டுக் காட்ட வேண்டும்.